மணி அடித்தால் எந்த அறை

மூன்றாம் நாளும் சீதாலெட்சுமி யாருடைய வகுப்பிலோ உட்கார்ந்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

"கணக்குக்கு ஒரு ரூம்பு, பூகோளத்துக்கு ஒரு ரூம்பு. மணி அடிச்சா எல்லாரும் எந்திரிச்சு ஓடுறாங்கப்பா. எனக்கு எங்கே போறதுன்னே தெரியல."

சின்னையா பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் கொடி காட்டுகிறவர். மகள் இதுவரை படித்த தமிழ்ப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம், ஒரே வாத்தியார். இப்போது இங்கிலீஷ் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அங்கேதான் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவர் மனைவி நல்லம்மாள். அவள் இறந்து பத்து மாதமாகிறது. அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்ற அளவோடு சரி.

"மணியோட பழகிட்டா எல்லாம் சரியாப் போயிடும்," என்றார் சின்னையா.

அன்று சாயங்காலம் பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து வைத்துக் கரண்டியால் தட்டினார். அடுப்படி கணக்கு வகுப்பு. முன்னறை பூகோளம். வெளியே தண்ணீர்க் குழாயடி இங்கிலீஷ். ஒவ்வொரு தட்டுக்கும் மகள் புத்தகங்களை வாரிக்கொண்டு ஓடினாள். குடத்தோடு நின்ற பெண்கள் ஆறாம் வகுப்புக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். நல்லம்மாள் இருந்திருந்தால் முதலில் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள், பிறகு வந்து சொம்பைப் பிடுங்கியிருப்பாள். அந்த நினைப்பை அவர் இன்னொரு தட்டுத் தட்டிச் சமாளித்தார்.

மறுநாள் மகள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

"ஸ்டேஷன் மணி அங்கேயும் கேக்குதுப்பா. கிள்ளான் ரயில் புறப்பட்டப்போ நான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

"எங்கே?"

"குழாயடிக்கு."

சின்னையா காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தனுப்பினார். ஸ்டேஷன் மணி கேட்கவில்லையாம். பள்ளிக்கூட மணியும் கேட்கவில்லையாம். எல்லாரும் போன பிறகு காலி அறையில் தனியாக உட்கார்ந்திருந்ததாக வந்து சொன்னாள்.

அவர் மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரத்துக்கு மாலை வேலைக்கு மாறிக்கொண்டார். "நானே வந்து காட்டுறேன்."

காலையில் இருவரும் கைகோத்து நடந்தார்கள். பாதி வழியில் மகள் கேட்டாள்:

"பத்துமலைக்கு ரயில்ல போறப்ப அம்மா சன்னலோரம்தான் உக்காருவாங்களாப்பா?"

"ஆமா. கரித்தூள் கண்ணுல விழும்னாலும் கேக்க மாட்டா."

"விழுந்துச்சா?"

"விழாம? ஊதிவிட்டு ஊதிவிட்டு எனக்குத்தான் மூச்சு வாங்கும்."

"அப்புறம்?"

அப்புறம் சொல்ல நிறைய இருந்தது. பள்ளி வாசல் அதற்குள் வந்துவிட்டதே என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. மகளும் கையை உடனே விடவில்லை.

வேலிக்கு வெளியே நின்று, மணி அடித்ததும் பூகோள அறையின் பக்கம் பச்சைக் கொடியை நீட்டுவது என்று ஏற்பாடு. மகள் எங்கே என்று எட்டிப் பார்க்கிற அவசரத்தில் மணிக்குக் கால் மணி நேரம் முன்பே நீட்டிவிட்டார். சன்னலோரப் பிள்ளைகள் கொடியைப் பார்த்தார்கள். புதுச் சட்டம் போலிருக்கிறது என்று எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள். முப்பது பேரும் வரிசையாக வெளியே வர, பின்னாலேயே சாக்குக்கட்டியோடு டீச்சர் ஓடி வந்தார். பதறிப்போன சின்னையா சிவப்புக் கொடியைக் காட்டினார். வரிசை வராந்தாவின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. டீச்சருக்கும் வழியில்லை.

கொஞ்ச நேரத்தில் சின்னையா தலைமை ஆசிரியையான வெள்ளைக்காரத் துரைசானியின் மேசைக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் சீதாலெட்சுமி. இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்ல ஆயா இராஜம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

சின்னையா கொடிகளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"தப்புதாங்க, மன்னிச்சுக்கங்க. தாயில்லாப் பிள்ளை. வீட்டுல வாயே திறக்காம இருந்துச்சு. இந்த ஒரு வாரமாத்தான் எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுது. பேசுறதெல்லாம் ரூம்பு தெரியலங்கிறதைத்தான். பழகுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

இராஜம்மா சொல்லி முடித்தாள். துரைசானி கண்ணாடியைக் கழற்றிச் சீதாலெட்சுமியைப் பார்த்துவிட்டு, மெல்ல ஏதோ கேட்டாள். சீதாலெட்சுமி அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பிள்ளையைச் சொல்றீங்கன்னு கேக்குறாங்கண்ணே," என்றாள் இராஜம்மா. "முதல் நாள்லேருந்து மத்தப் புதுப் பிள்ளைங்களைக் கையப் பிடிச்சு ரூம்பு ரூம்பாக் கொண்டுபோய் விடுறதே உங்க மகதானாம்."