கமாண்டர் யாரு?

"டேங்க்கைத் திருப்ப வேண்டியது நீதான்டா!"

"பின் சீட்டுல இருந்துக்கிட்டு எப்படிப்பா திருப்புறது? குமிழ் உங்க முழங்காலுக்குப் பக்கத்துல..."

"ஞாபகப்படுத்தலாமில்ல? வாய்ல என்ன, கொழுக்கட்டையா?"

தரையிறங்கி நின்ற, நான்கு பேர் அமரும் குட்டி விமானத்துக்குள் அப்பாவும் மகனும் கத்திக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் மாமனாருக்குப் பக்கத்தில் மருமகள், விமானத்தை ஓட்டும் பிடியை இன்னும் விடாமல் உட்கார்ந்திருந்தாள். மூவரிடமும் விமானம் ஓட்டும் லைசென்ஸ் உண்டு. வினையே அதுதான்.

ஒரு பெட்ரோல் டேங்க் வற்றினால் குமிழை அடுத்த டேங்குக்குத் திருப்ப வேண்டும். மகன் சொல்வான் என்று அப்பா இருந்தார். அப்பா திருப்பிவிட்டார் என்று மகன் இருந்தான். மருமகளுக்கோ, "நீ எதையும் தொடாதேம்மா" என்று உத்தரவு.

சற்று முன் நடுவானத்தில் இன்ஜின் இருமிவிட்டு நின்றது. குமிழைத் தேடி மாமனார் குனிந்ததில் மூக்குக்கண்ணாடி சீட்டுக்கு அடியில் போனது. "இடது பக்கம்! இல்ல, வலது! ஐயோ!" என்றான் கணவன். மருமகள் பிடியைப் பற்றி, கண்ணில் பட்ட ஓடுதளத்தில் பூப்போல இறக்கிவிட்டாள்.

யாருடைய ஓடுதளமோ! கயிற்றுக்கு அப்பால் ஒரே கூட்டம். சக்கரம் பட்ட இடத்தில், குறுக்கே போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு கலைந்து கிடந்தது. கழுத்தில் விசிலோடு ஒருவர் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"இந்த விமானத்துக்குக் கமாண்டர் யாருங்க?"

மாமனார் முகம் சுண்டியது. "போச்சுடா. யாரு ஓட்டியிருந்தாலும் சட்டப்படி கமாண்டர் தலையிலதான் விடியும்."

"கிளம்பறப்போ 'நான்தான் கமாண்டர்'னு மார்தட்டினது நீங்கதானேப்பா!"

"அது சும்மா விளையாட்டுக்கு! சார், வழி பூரா உத்தரவு போட்டது இவன்தான்."

"பின் சீட்டுக்காரன் கமாண்டரா?"

"எந்த சீட்ல இருந்தாலும் கமாண்டர் கமாண்டர்தான்டா! சட்டத்தைப் படி!"

"அப்போ அவளாவும் இருக்கலாமே!"

இருவரும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பினார்கள். வந்த வேகத்தில் சண்டை தீர்ந்துவிட்டது.

"மாமா, திங்கட்கிழமை நான் பயிற்சியாளர் வேலையில சேரணும். லைசென்ஸ்ல ஒரு கறை விழுந்தா அந்த வேலை போயிடும்."

"போனா போகட்டும்மா. ஓட்டுறதுக்கு நாங்க ரெண்டு பேர் இல்லையா?"

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"நான்தாங்க கமாண்டர். இன்ஜின் நின்னதும் பிடியைப் பிடிச்சது நான். இங்க இறக்கணும்னு முடிவு பண்ணினதும் நான். பொறுப்பு மொத்தமும் என்னோடது."

"கேட்டுக்கிட்டீங்கல்ல சார்? அவளே சொல்லிட்டா!" என்றான் கணவன்.

"அப்போ நீங்க ரெண்டு பேரும்?"

"சத்தியமா சொல்றோம், நாங்க சும்மா கூட வந்தவங்க!"

விசில்காரர் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"மைக்ல சொல்லிடுங்கப்பா, இன்ஜினை அணைச்சுட்டுக் கோட்டு மேல இறக்குற போட்டியில இந்தம்மாவுக்குத்தான் முதல் பரிசு, கூட வந்த பயணிங்க ரெண்டு பேரையும் கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு கைதட்டச் சொல்லுங்க!"