பலாச்சுளையும் நவீன ஓவியமும்

வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் பிரிசில்லா தன் படங்களையெல்லாம் மாட்டியிருந்தார். மலைக் குளிரிலும் செல்லமுத்துவுக்கு வேர்த்து ஊற்றியது. எதிரே சோளக்காடு ஊர்ச் சந்தையின் படம். அதன் மூலையில் முதுகைக் காட்டி ஒருவர் குந்தியிருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை, உச்சந்தலையில் வழுக்கை, கையில் பலாச்சுளை. மூன்றும் செல்லமுத்துவுக்குச் சொந்தமானவை. போன வாரம் சந்தையில் யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் தின்ற சுளை அது.

சர்க்கரை ஏறியதிலிருந்து மனைவி பாவாயி அவருக்குப் பலாவைத் தடை செய்திருந்தாள். "இனி ஒரு சுளை தின்னது தெரிஞ்சுதுன்னா, ஊட்டுப் பலாமரத்தை வெட்டிப்போடுவனுங்க" என்றும் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அந்த மரத்தின் மேல் செல்லமுத்துவுக்கு உயிர்.

பாவாயி அந்தப் படத்தின் முன்னால்தான் போய் நின்றாள். நகர்வதாகத் தெரியவில்லை. செல்லமுத்து துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். வாசலைப் பார்த்தார். மறுபடி துண்டை மாற்றினார்.

"ஏனுங்க, இந்தாளை எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுங்களே?"

"படத்துல ஆளைத் தேடக்கூடாது பாவாயி. இது நவீன ஓவியம். நெறத்தைத்தான் பாக்கோணும்."

கலையைப் பற்றி அவர் ஆயுசில் பேசிய முதல் பேச்சு அது.

"அப்ப இந்த நீலச் சட்டை?"

"சட்டையில்ல. வானம்."

"கட்டம் போட்ட வானமுங்களா?"

"நவீன வானம்."

"வழுக்கை?"

"நெலா."

"கையில மஞ்சளா என்னமோ இருக்குதுங்களே?"

"அது மனுசனோட சந்தோசம்."

"சந்தோசத்தைக் கொட்டை எடுத்துப்போட்டுத் திங்கறாரு பாருங்க. கீழ கெடக்கற கொட்டையைப் பாத்தா இருவது சுளையாவது தின்னிருப்பாரு."

செல்லமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செய்த தப்புக்குத் திட்டு வாங்கலாம், செய்யாத தப்புக்கு எப்படி வாங்குவது?

"இருவதா? நாலே நாலு சுளை. டீச்சரம்மா கொட்டையை அள்ளிப்போட்டு வரைஞ்சிருக்காங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து பிரிசில்லா சிரித்துக்கொண்டே வந்தார். "அக்கா, படம் சரியா வந்திருக்குதுங்களா? நேத்து வரைக்கும் அந்த மூலை காலியாத்தான் இருந்துச்சு. சட்டை, வழுக்கை, பலாச்சுளைன்னு நீங்க சொல்லச் சொல்லப் போட்டேன்."

பாவாயி போனை எடுத்து, மரம் அறுக்கிறவரை நாளைக்கே வரச் சொன்னாள். பிறகு புருசன் பக்கம் திரும்பினாள்.

"எனக்குச் சந்தேகம் மட்டுந்தானுங்க இருந்துச்சு. நீங்க விளக்குனப்புறந்தான் படமே புரிஞ்சுதுங்க."