எஸ்கோட் காரில் சூடு மிதித்த விபரம்

சிவமயம்

கிளிநொச்சி,
22.02.1981

மரியாதைக்குரிய மருமகன் தவராசா அவர்கட்கு மாமனார் சிற்றம்பலம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமி கமலாட்சியும் முறிகண்டிப் பிள்ளையாரின் காவலில் குறையொன்றுமின்றி இருக்கிறோம். வெள்ளவத்தையில் நீங்களும் மகள் இராசேஸ்வரியும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் எஸ்கோட் காரின் சுகம் பற்றிக் கீழே விபரமாக எழுதியுள்ளேன். அதற்கு மேலதிகத் தாள் வேண்டியிருந்தது. இக்கடிதத்தையும் வழமைபோல் வீட்டுக்கல்லாமல் உங்கள் கந்தோர் விலாசத்துக்கே அனுப்புகிறேன். வாசித்ததும் கிழித்துவிடவும்.

முதலில் நிலைமையைப் பதிவு செய்கிறேன். முப்பத்தொரு வருடம் ரயில் நிலைய அதிபராக இருந்து விபத்துப் புத்தகம் எழுதியவனுக்கு அந்தப் பழக்கம் இலேசில் விட்டுப்போகாது. சென்ற கார்த்திகையில் நுவரெலியாப் பக்கம் போய்த் திரும்பிய அன்று மகள் உங்களிடம், "இந்தக் கார் வீட்டில நிண்டால் நான் நிக்கமாட்டன்" என்று சொன்னாள். நீங்களும் சரியென்று தலையாட்டி, என் மூலமாக நெளுக்குளத்து வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டதாக அவளிடம் சொல்லிவிட்டு, காரை லொறியில் ஏற்றி எனக்கு அனுப்பிவைத்தீர்கள். நான் அதை நெல் வைக்கும் கொட்டிலுக்குள் விட்டு மேலே படங்கு போட்டு மூடியிருக்கிறேன். கார் விற்றாயிற்று என்று மகளுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் தவறாமல் உறுதிப்படுத்தியும் வருகிறேன். சென்ற கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதினேன். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் ஒருநாள் கோபித்துக்கொண்டு பெட்டியும் கையுமாக இங்கே வந்து இறங்கினால் அதைத் தாங்க எனக்குச் சக்தியில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசிக்கவும்.

வரும் பங்குனியில் தெற்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில் ஆளாளுக்குத் தங்கள் காரைக் கொண்டுவந்து வட்டமாக ஓடிப் பார்க்கும் நாள் ஒன்று இருக்கிறது, அது பந்தயமல்ல, பரிசும் கிடையாது, ஆனால் அதற்குக் காரை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று பதினொரு இலக்கமிட்ட பட்டியல் அனுப்பியிருந்தீர்கள். "பரிசும் இல்லையெண்டால் ஏன் இந்தப் பறப்புப் பறக்கினம்?" என்று மாமி கேட்டா. நான் அனுப்பிவைத்த ரயில்கள் எல்லாம் ஏதோ ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு எண்பது மைல் வேகம் எதற்கு என்று யோசித்தேன். இருந்தாலும் மருமகன் கேட்டதைச் செய்வது முறை என்று தொடங்கினேன். எனக்குக் கார் ஓடத் தெரியாதபடியால், தர்மபுரத்தில் வயல் செய்யும் வீரபாகுவைப் பிடித்தேன். அவர் முன்னர் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை லொறி ஓட்டியவர். வளைவென்றால் அவருக்குப் பச்சைத்தண்ணீர்.

உங்கள் முதலாம் இலக்கம், காரின் பாரத்தைக் குறைத்தல். பின் இருக்கை, நிலத்துக் கம்பளம், மேலதிகச் சில்லு, ஜாக்கி எல்லாவற்றையும் கழற்றி நெல் நிறுக்கும் தராசில் வைத்தோம். நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல் காட்டியது. கம்பளத்தை மாமி சாமியறைக்கு எடுத்துவிட்டா. பின் இருக்கையை விறாந்தையில் போட்டோம். இப்போது வருகிற சனம் கதிரையை விட்டுவிட்டு அதில்தான் இருக்கிறது, எழும்பவும் மாட்டேன் என்கிறது. இவ்வளவும் செய்து காரை வெளியே எடுக்கும்போது பார்த்தால், வீரபாகு பின்பக்கத்தில் இரண்டு நெல்மூட்டை ஏற்றி வைத்திருக்கிறார். கேட்டேன். "வெறும் லொறி வளைவுல வால் ஆட்டும்ங்க ஐயா. ரெண்டு மூட்ட போட்டாத்தான் ரோட்டுல நல்லா குந்தும்" என்றார். ஒரு மூட்டை நூற்றைம்பது இறாத்தல் தம்பி. முடிவில் உங்கள் கார், நீங்கள் குறைக்கச் சொன்னதற்கு முன்பு இருந்ததைவிட நூற்றெண்பத்தெட்டு இறாத்தல் கூடுதலாக நிற்கிறது. இறக்கச் சொன்னால், "அப்ப நீங்களே ஓட்டுங்க" என்கிறார். நான் என்ன செய்ய?

நான்காம் இலக்கம் பிரேக். நீங்கள் அனுப்பிய புதுப் பிரேக் கட்டைகளைப் பட்டணத்தில் தண்ணீர்ப் பம்பி திருத்தும் அப்புத்துரை பூட்டி, பிரேக் ஒயிலும் மாற்றித் தந்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அவரில் பிழை சொல்லமாட்டேன். பிறகுதான் கட்டைகளைப் பழக்குதல். அறுபது மைல் வேகத்தில் ஓடி இறுக்கி மிதித்து வேகத்தைக் குறைக்க வேண்டும், திரும்பவும் ஓட வேண்டும், இப்படிப் பத்துத் தரம், பிரேக் சூடாயிருக்கும்போது ஓரிடத்திலும் மிதித்தபடி நிற்கக் கூடாது என்று சிவப்பு மையால் கோடிட்டு எழுதியிருந்தீர்கள். நான் கோட்டைப் பார்த்தேன். கண்டி வீதியில் தெற்குநோக்கிப் புறப்பட்டோம். நான் பக்கத்தில் இருந்து எண்ணினேன். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. நாங்கள் மிதிக்கும்போதெல்லாம் அதுவும் மிதித்தது. ஆறாம் தரம் அது எங்களை முந்திக்கொண்டு வந்து பக்கத்தில் ஓட, கொண்டக்டர் வாசலில் தொங்கியபடி, "ஐயா, ஆரையாவது ஏத்திறியளோ இறக்கிறியளோ? ஒண்டைச் சொல்லுங்கோ!" என்று கத்தினார். நான் கையசைத்துப் போகவிட்டேன், பழைய பழக்கம்.

ஒன்பது முடிந்தது. பத்தாம் தரம் எங்கே வந்தது என்று நினைக்கிறீர்கள்? முறிகண்டிக் கோயில் வாசலில். "நிக்காமல் விடுங்கோ வீரபாகு, மருமகன் சிவப்பில எழுதியிருக்கிறார்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஐயா, இந்த ரோட்டுல பொணம் ஏத்திப் போற வண்டிகூட நிண்டு போகுதுங்க. நம்ம புதுப் பிரேக்க போட்டுக்கிட்டு பிள்ளையார தாண்டிப் போறதா?" என்று ஒரே மிதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தினால் போதாதா? நிலம் சரிவு, கைப் பிரேக் பிடிக்கவில்லை, ஆகவே பிரேக்கை மிதித்தபடியே இருந்தார். நான் இறங்கித் தேங்காய் வாங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, மாமிக்குக் கச்சான் கடலையும் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு வர ஒன்பது நிமிடம். வீரபாகு சந்தனம் கேட்டார், அதையும் கொண்டுவந்து நெற்றியில் வைத்துவிட்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. சூட்டில் இருந்த கட்டைகள் அந்த இடத்திலேயே பிரேக் தகட்டில் படிந்துவிட்டன போலும். அன்றிலிருந்து பிரேக் மிதித்தால் கார் முழுவதும் காய்ச்சல்காரனைப்போல நடுங்குகிறது. கச்சான் நல்ல கச்சான்.

ஏழாம் இலக்கத்தில், ஒரு வட்டத்துக்கு எவ்வளவு நேரம் செல்கிறது என்று மணிக்கூடு வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். தர்மபுரத்து வாய்க்கால் வீதி நாலையும் சுற்றினால் ஒன்றரை மைல், கிரவல் பாதை. வீரபாகுவின் நல்ல நேரம் மூன்று நிமிடம் இருபது செக்கன். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை கந்தோர் அலுவல் என்று மகளிடம் சொல்லிவிட்டு நீங்கள் வந்து ஓடியது மூன்று நிமிடம் முப்பத்திரண்டு செக்கன். இரண்டும் என் பதிவில் இருக்கின்றன. "இந்தப் பாதைய சின்னம்மா ஓட்டுனா பாக்கணும்ங்க. படிக்கிற காலத்துலயே டிராக்டர்ல வரப்பு முறியாம வளைக்கும்" என்று வீரபாகு எங்கள் மகளை நினைத்துச் சொன்னார். அவளுக்குத் தெரியாமல் செய்கிற காரியத்தில் அவள் பேரை ஏன் எடுக்கிறீர் என்று நான் அந்தக் கதையை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

இனி எட்டாம் இலக்கம். இதைத்தான் ஆறுதலாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். வெளியான ஓரிடத்தில் ஒரே வட்டமாக நெடுநேரம் ஓடி, கார் எப்படி வளைகிறது என்று பழகவும் என்று எழுதியிருந்தீர்கள். நான் வாசித்துக் காட்டியதும் வீரபாகுவின் முகம் மலர்ந்தது. "இது தெரியாதாங்க ஐயா? சூடு மிதிக்கிறதுதானே!" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் பிழையில்லை. எங்கும் போகாமல் ஒரே இடத்தில் மணிக்கணக்காகச் சுற்றும் வாகனம் வன்னியில் வேறு ஏது? களத்தில் வெட்டிய நெற்கதிரைப் பரப்பிவிட்டு டிராக்டரால் மிதிப்பதைத் தவிர? அவருடைய காலபோக நெல் வெட்டிக் குவித்துச் சூடு வைத்தபடி கிடந்தது. டிராக்டருக்கு ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். கிழக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவருடைய மனைவி சுப்பம்மா என்னைப் பார்த்து, "மழ விழுந்தா அம்புட்டும் மொளச்சிருங்க ஐயா" என்று சொன்னா. நான் தடுக்கவில்லை தம்பி. வரம்பில் கதிரையொன்று போட்டு இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இரண்டு மணித்தியாலம். கதிர் நன்றாகவே உதிர்ந்தது, டிராக்டர் தோற்றது. ஆனால் உங்கள் கார் பதிவானது, வயிறு நிலத்தில் முட்டுகிற மாதிரி. வைக்கோல் எல்லாம் அடியில் போய்ச் சூடான புகைக்குழாயில் சுற்றிக்கொண்டது. முதலில் மணம் வந்தது. பிறகு புகை. தீயணைக்கும் போத்தல் எங்கே என்று கேட்காதீர்கள். காருக்குள் கழன்று உருளக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்று நீங்கள் மூன்றாம் இலக்கத்தில் எழுதியபடியால், அது கிளிநொச்சியில் வீட்டு அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. சுப்பம்மா வாய்க்காலில் மொண்டு மொண்டு பன்னிரண்டு வாளி தண்ணீர் அடித்தா. அவவின் நெல்லுக்கும் பாதகமில்லை, ஆளுக்கும் காயமில்லை, கார் மாத்திரம் அடிப்பக்கம் கறுத்து, டயர் வெட்டுக்குள்ளெல்லாம் நெல்மணியோடு நிற்கிறது. மறுநாள் மழை கொட்டியது. அந்த நெல்லில் சுப்பம்மா பொங்கிக் கொண்டுவந்து தந்தா, பெற்றோல் மணம் இருக்கிறதோ என்று பார்க்க இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். இல்லை.

ஆகவே என் முடிவு இது. கார் நடுங்குகிறது, பாரம் கூடிவிட்டது, அடி எரிந்துவிட்டது. பங்குனிக்கு இது ஆயத்தமாகாது. ஆயத்தமானாலும் நான் விடமாட்டேன். அதைவிட, மகளுக்குப் பொய் எழுதி எழுதி எனக்குக் கை கூசுகிறது. அவள் பயந்துதானே விற்கச் சொன்னாள்? பயந்த பிள்ளையை ஏமாற்றி எங்கள் இரண்டு பேருக்கும் என்ன காணப்போகிறது? நெளுக்குளத்தில் உண்மையாகவே ஒரு வியாபாரியைத் தேடிப்பிடித்து இந்தக் கிழமையே விற்றுவிடுகிறேன். அப்போது நாங்கள் சொன்னது பிந்தி வந்த உண்மையாகிவிடும். நீங்கள் ஓடுபாதைக்குப் பெயர் கொடுத்திருந்தால் திருப்பி எடுக்கவும். இதில் மறுகதை வேண்டாம் தம்பி.

உங்கள் கந்தோர் வேலை மேலும் மேலும் உயரவும், மகள் கணிதம் படிப்பிக்கும் பிள்ளைகளெல்லாம் சித்தியடையவும், நீங்கள் இருவரும் ஒரு கூரையின் கீழ் நீண்டகாலம் ஒற்றுமையாக இருக்கவும் பிள்ளையாரை வேண்டி ஆசீர்வதிக்கிறோம். மாமி உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னா. கம்பளத்தைத் திருப்பித் தரமாட்டா என்பதையும் எழுதச் சொன்னா.

இங்ஙனம்,
அன்பு மாமனார்
வே. சிற்றம்பலம்
ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிபர்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல், இன்று காலைத் தபால் ரயிலில் இராசேஸ்வரி வந்து இறங்கினாள். ரயில் நேரத்துக்கு வந்தது. கையில் பெட்டி இருந்தது. வந்தவள் நேரே விறாந்தைக்குப் போய் அந்தப் பின் இருக்கையில் இருந்து, தான் நுவரெலியாவில் சோடா ஊற்றிய கறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கார்த் திறப்பைத் தாங்கோ அப்பா" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒருக்கா எழுதியிருந்தால் நம்பியிருப்பன். மூண்டு தரம் எழுதினால்?" என்றாள்.

என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு தர்மபுரத்துக்குப் போனாள். முதல் வேலையாக இரண்டு மூட்டையையும் இறக்குவித்தாள். வீரபாகு தானே தோள் கொடுத்து இறக்கினார். பிறகு வாய்க்கால் வீதியை ஒருக்காச் சுற்றினாள். நான் மணிக்கூடு பிடித்தேன். இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு செக்கன். நம்பாமல் இன்னொருக்கா ஓடச் சொன்னேன். இரண்டு நாற்பத்தொன்பது. உங்கள் நேரத்தைக் கேட்டாள். பதிவில் இருந்ததால் சொல்ல வேண்டியதாயிற்று.

"உனக்குப் பயமில்லையே பிள்ளை? பிறகு ஏன் விக்கச் சொன்னனீ?" என்று கேட்டேன். "காருக்கு ஆர் பயந்தது அப்பா? அவர் வளைவுக்கு வெளியில பிடிக்க வேண்டிய பிரேக்கை வளைவுக்குள்ள பிடிக்கிறார். அண்டைக்கு மலையில பள்ளத்தை எட்டிப் பாத்தவள் நான். அதைச் சொன்னால் மனுசனுக்குக் கோவம் வரும் எண்டுதான் காரைச் சாட்டினனான்" என்றாள்.

ஆகையால் காரை விற்கும் விடயம் நிற்கட்டும். பிரேக் தகட்டை அப்புத்துரை நாளை கழற்றிச் சமப்படுத்தக் கடைச்சலுக்குக் கொடுக்கிறார். உங்கள் பெயரைத் திருப்பி எடுக்கத் தேவையில்லை, அதை வெட்டிவிட்டு அவளுடைய பெயரை எழுதினால் போதும் என்கிறாள். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருக்கலாமாம். கைகளை மடியில் வைத்துக்கொண்டு. கடிதத்தைக் கிழிக்க வேண்டாம் என்றும், இதை வீட்டு விலாசத்துக்கே அனுப்பச் சொல்லியும் நிற்கிறாள். நானும் வருகிறேன், நேரம் பார்க்க ஒருவர் வேண்டுமே. போகும்போது முறிகண்டியில் நிற்போம். பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுத்தான்.