திரும்பினால் மட்டும் கத்துகிற கார்

ஜலகண்டாபுரம்,
பகுதானிய வருஷம், கார்த்திகை 8.

ராசிபுரத்தில் இருக்கும் குழந்தைவேல் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் சாரதாமணி விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லாரும் சேமம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். சேமமில்லை, அதனால் எழுதவில்லை. அத்தையும் பிள்ளைகளும் நன்றாக இருக்கச் சாமியை வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்காக இன்னும் வேண்டிக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண் பெரியவருக்கு இப்படி எழுதலாமா என்று நினைப்பீர்கள். உங்கள் எதிரில் நின்றால் எனக்கு வாய் வராது. காகிதம் என்னை முறைத்துப் பார்க்காது, அதனால் எழுதுகிறேன்.

ஆவணியில் நீங்கள் அப்பாவுக்கு விற்ற கார், நேராகப் போகும்வரை பரம சாது. ஐப்பசி பிறந்ததிலிருந்து ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலும் எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம்போல் கத்துகிறது. எங்கள் தெருவில் முக்குக்கு முக்கு திரும்ப வேண்டும். ஒவ்வொரு முக்கிலும் தறிக்காரர்கள் நெய்வதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறார்கள். பார்த்தால் பின் சீட்டில் நான்! பக்கத்து வீட்டு ஆத்தாயி அக்கா, “ஏஞ் சாரதா, வாயே தொறக்க மாட்டயே, காருக்குள்ள ஒக்காந்துதான் கத்தறயா?” என்கிறாள். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது மாமா?

அதையாவது பொறுத்துக்கொள்வேன். நேற்று அப்பா அம்மாவைப் பார்த்து, “வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சத்தம் நிக்கலீன்னா, காரையும் உன்னையும் ஒண்ணா ஏத்திக் கொண்டுபோயி உங்கண்ணன் ஊட்டு வாசல்ல எறக்கி உட்டுட்டு வந்துருவேன்” என்று சொல்லிவிட்டார். கார் இல்லாமல் எப்படித் திரும்பி வருவீர்கள் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அம்மா பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். இப்போது அதில் நான்கு புடவை மடித்து வைத்திருக்கிறாள். விற்றது நீங்கள், பெட்டி கட்டுவது எங்கள் அம்மா. இது எந்த ஊர் நியாயம்?

சத்தத்துக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். தறியில் எந்த மூட்டு கிறீச்சிட்டாலும் அப்பாவுக்குத் தெரிந்தது விளக்கெண்ணெய்தான். ஸ்டியரிங் தண்டின் உச்சியில் அரைப்படி ஊற்றினார். அது மெதுவாக இறங்கி அவர் வேட்டியிலேயே வந்து சேர்ந்தது. கார் முன்போலவே கத்தியது. இப்போது அப்பாவும் சேர்ந்து கத்தினார். அதற்குப் பிறகு, கார் திரும்பவே கூடாது என்று டிரைவர் மருதாசல அண்ணனுக்கு உத்தரவு. அவர் நங்கவள்ளிக்கு நேராகப் போய்விட்டு, திரும்பக்கூடாதே என்று பாதித் தூரம் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு வந்தார். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரன் இறங்கிக் கும்பிட்டானாம்.

அவரும் சும்மா இருப்பவர் இல்லை. ஞாயிறுதோறும் கீழே படுத்துக் கிரீஸ் அடிக்கிறார். “கிரீசு வெளிய பிதுங்குதுங்க, உள்ள ரொம்பிருச்சுங்க” என்கிறார். ஆனால் நின்ற வண்டியில் அவர் ஸ்டியரிங்கைத் திருப்பியபோது நான் மட்கார்டில் கை வைத்துப் பார்த்தேன். சத்தம் ஸ்டியரிங்கில் இல்லை. இடது சக்கரத்துப் பக்கம், சக்கரம் திரும்பும் ஆணி இருக்கும் இடத்தில் அதிர்கிறது. ஆண்கள் நடுவில் சொல்லக் கூச்சப்பட்டு அம்மாவிடம் சொன்னேன், அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா, “திருப்புறது கையில, சத்தம் மட்டும் காலுல வருமாக்கும்?” என்று சிரித்தார். நீங்களோ போன கடிதத்தில், “ஓட்ட ஓட்டச் சரியாகும்” என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டீர்கள். ஓட்ட ஓட்ட ஊரே கூடுகிறது!

அந்தக் காரை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் தெரியுமா? வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவி, தறிக்கு வைப்பதுபோல ஒரு மூட்டு விடாமல் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். உங்களிடம் அதற்கு ஒரு பொட்டாவது கிடைத்திருக்குமா? உலர்ந்துபோன வண்டியைப் பளபளவென்று துடைத்து, கூடப் பிறந்தவள் தலையில் கட்டிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே வந்து சரி செய்து கொடுங்கள். வராவிட்டால் உங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதிலும் நான் இலை போடமாட்டேன்.

அத்தைக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு முத்தம். உங்களுக்கும் கும்பிடு உண்டு, வயதுக்காக.

இப்படிக்கு,
சாரதாமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டியபிறகு சேலத்திலிருந்து மெக்கானிக் நாச்சிமுத்து வந்தார். அதனால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இடது சக்கரத்து ஆணிக்குக் கிரீஸ் ஏற்றுகிற சின்ன மூக்கைக் கோணூசியால் குத்தினார். கல்லாய் இறுகிய சந்தனம் வந்தது. அது அடைத்துக்கொண்டதால், அடித்த கிரீஸெல்லாம் உள்ளே போகாமல் வெளியே வழிந்திருக்கிறது. “ஏனுங்க, இதுக்குப் பொட்டு வச்ச மகராசி யாருங்க?” என்று கேட்டார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, “நாந்தானுங்க” என்றாள். அப்பா உடனே, “அண்ணன் ஊட்டுப் பழக்கம்!” என்று ஆரம்பித்தார். மாமா, நான் வெளியே வந்து மூன்று ஆண்கள் எதிரில், “நாந்தாங்கப்பா வச்சேன். ஒரு மூட்டு உடாம வைன்னு நீங்கதான சொன்னீங்க” என்றேன். அப்பா வேட்டியிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்க்கத் தொடங்கினார், இன்னும் பார்க்கிறார்.

கார் இப்போது கத்தவில்லை. மேலே எழுதிய கோபம் உங்களுக்கு உரியது அல்ல. ஆனாலும் இவ்வளவையும் திரும்ப எழுதக் கை வலிக்கிறது, அப்படியே அனுப்புகிறேன். அம்மா மட்டும் பெட்டியைப் பிரிக்கவில்லை. கட்டினது கட்டினதுதான், கொண்டுபோய் விடுங்கள் என்கிறாள். வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லாரும் வருகிறோம். வாசலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உங்கள் தெரு முக்கில் கார் திரும்புவது இனிக் காதில் விழாது.