சேமக்காலைக்கு வந்த மாடு

புது மொழி படிக்கிறவனுக்கு, ஒன்றுமே விளங்காத காலத்தில் ஆபத்து இல்லை. அப்போது அவன் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான். சனமும் நல்ல பிள்ளை என்று சொல்லும். பாதி விளங்கத் தொடங்கும்போதுதான் கவனமாக இருக்கவேண்டும். ஏனென்றால் மற்றப் பாதியை அவன் தன்பாட்டில் இட்டு நிரப்பிவிடுவான்.

எண்பதுகளின் நடுப்பகுதியில், டென்மார்க்கில், நான் அந்தப் பாதியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் மனுசி செல்விக்கும் ஹோர்சன்ஸிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் வீடு கிடைத்திருந்தது. வெள்ளையடித்த ஒரு தேவாலயம், ஒரு கடை, மிச்சமெல்லாம் வயலும் பன்றிப் பண்ணைகளும். தமிழர் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் புரட்டஸ்தாந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் என்றபடியால் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவோம். அந்த ஊர்க்காரர் நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வருகிறவர்கள். அதனால் ஒரு ஞாயிறு எங்களுக்குத் தடிமன் என்றால் பாதிரியார் கிட்டத்தட்ட வெறும் வாங்குகளுக்குத்தான் பிரசங்கம் பண்ணவேண்டும்.

இப்படி விடாமல் வருகிற எங்களில் ஊர்க் கோயில் சபைத் தலைவி இங்கருக்கு நல்ல விருப்பம். நெட்டையான, அதிகம் சிரிக்காத மனுசி. ஒருநாள் ஆராதனை முடிய என்னைப் பிடித்தார்.

"வியாழக்கிழமை பின்னேரம் எங்கட சபைக் கூட்டம். ஆரும் வந்து இருக்கலாம். கேக்கும் கோப்பியும் இருக்கு."

கேக்கும் கோப்பியும் விளங்கியது. போனேன்.

எங்கள் ஊரில் சபைக் கூட்டம் என்றால் ஜெபம் முடிந்த கையோடு சண்டை தொடங்கிவிடும். இங்கே அப்படி இல்லை. வாங்குகளுக்குப் புது மெத்தை போடுவதா, போட்டால் என்ன நிறம், கல்லறைகள் இருக்கிற சேமக்காலையின் வேலியை எந்த உயரத்தில் வெட்டுவது, மணிக்கூண்டுக்குள் கூடு கட்டுகிற காகங்களை என்ன செய்வது என்று ஒருவர் மாறி ஒருவர் கதைத்தார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. (மெத்தை நிறத்துக்கே எங்கட ஆக்களில இரண்டு பேர் வெளிநடப்புச் செய்து, ஒரு புதுச் சபையும் தொடங்கியிருப்பினம்.) நான் மூலையில் இருந்து, எல்லோரும் தலையாட்டுகிற நேரம் பார்த்துத் தலையாட்டினேன்.

பிறகு சேமக்காலைக் கதை வந்தது. அங்கே தண்ணீர் நிற்கிறது, செவ்வாய்க்கிழமை நீல்ஸ் வருவார், வரும்போது 'கிராவ்கோ' கொண்டுவருவார்.

என் முதுகு நிமிர்ந்தது. 'கிராவ்' என்றால் கல்லறை, அது கோயிலுக்குப் போய்ப் போய்த் தெரிந்த சொல். 'கோ' என்றால் மாடு. டெனிஷில் நான் பாடமாக்கத் தேவைப்படாத ஒரே சொல் அது. தமிழிலும் கோ மாடுதானே. ஆகவே கிராவ்கோ என்பது கல்லறை மாடு. சேமக்காலைப் புல்லை மேய்க்க மாடு விடப்போகிறார்கள். இதில் எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் ஊரில் போதகரின் மாடு பகல் முழுக்கச் சேமக்காலைக்குள்தான் நிற்கும்.

நீல்ஸ் எனக்குப் பக்கத்தில் இருந்தார். கையெல்லாம் உரமேறிய விவசாயி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"கொண்டுவந்து விடுவன். ஆனா இந்த இடுப்போட நாள் முழுக்க என்னாலை ஏலாது. கிராவ்கோவை ஆர் பாக்கிறது?"

பார்க்கிறது என்பதற்கு அவர் சொன்ன டெனிஷ்ச் சொல், மாட்டைப் பார்க்கிறதற்கும் மிசினைப் பார்க்கிறதற்கும் பொதுவானது. (டெனிஷ்காரரின் இந்தச் சிக்கனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். வந்த நாள் தொடக்கம் அந்த ஊரிடம் வாங்கி வாங்கியே இருந்தவன் நான். கட்டில் தந்தார்கள், குளிர்ச்சட்டை தந்தார்கள், சைக்கிள் தந்தார்கள். முதல்முறையாக என்னிடம் இருக்கிற ஒன்று அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

"நான் பாப்பன்," என்றேன்.

நீல்ஸ் திரும்பினார். "உமக்குக் கிராவ்கோ தெரியுமோ?"

"ஓம். எங்கட வீட்டில மூண்டு இருந்தது."

பாதிரியார் கோப்பியைக் கீழே வைத்தார்.

"மூண்டோ? சொந்தமாவோ?"

"சொந்தம்தான். சிலோனிலை கனபேரின்ரை வீட்டில இருக்கு."

என்னை அகதி என்று நினைத்துக் கட்டில் கொடுத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீல்ஸுக்கோ கண் பளபளத்தது. தொழில் தெரிந்த ஒருவன் கிடைத்துவிட்ட சந்தோசம்.

"காலமையில லேசில எழும்புமோ? என்ரை கரைச்சல் தரும்."

"எங்கடையும் லேசில எழும்பாது. பின்னால ஒரு தட்டுத் தட்டினால் எழும்பும்."

"நானும் அதைத்தான் செய்யிறனான்!" என்று நீல்ஸ் மேசையில் அடித்தார். "தண்ணி குடிக்குமோ?"

"வாளி வாளியாக் குடிக்கும்."

"ரேடியேட்டர் ஓட்டை," என்று நீல்ஸ் மற்றவர்களுக்கு விளக்கினார். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. தலையாட்டினேன். இங்கர் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்குப் பறந்துதான் வந்தேன். செல்வி மட்டும் சந்தேகப்பட்டாள்.

"இந்தச் சனம் வேலியை அளந்து வெட்டுற சனம். சேமக்காலைக்குள்ள மாட்டை விடுவினமோ?"

"உமக்கு டெனிஷ் தெரியுமோ, எனக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். (அதற்குப் பிறகு இந்தக் கேள்வியை நான் அந்த வீட்டில் கேட்டதில்லை.)

செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஆயத்தமாகப் போனோம். என் தோளில் கட்டுகிறதற்கு ஒரு கயிறு. கையில் ஒரு வாளி தண்ணீர். செல்வியிடம் ஒரு முழுக் கோவா, முட்டைக்கோசைத்தான் சொல்கிறேன். புது ஆள் என்று மாடு வெருண்டால் கொடுத்துச் சமாளிக்கத்தான்.

சேமக்காலையின் வாசற் படலையடியில் இங்கரும் பாதிரியாரும் சபை ஆட்களும் நின்றார்கள். நீல்ஸ் ஒரு பெரிய மஞ்சள் மிசினை ஓட்டிக்கொண்டு வந்து, முனகி முனகி இறங்கினார். முன்னுக்கு ஒரு அகப்பை, பின்னுக்கு நீளக் கை. நான் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு மிசினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒன்றையும் காணவில்லை. றோட்டு வளைவு வரைக்கும் பார்த்தேன்.

அதற்கிடையில் நீல்ஸ் என் கயிற்றைக் கண்டார். "பாருங்கோ, கட்டி இழுக்கக் கயிறும் கொண்டந்திருக்கிறார்." வாளியைக் கண்டார். "ரேடியேட்டருக்குத் தண்ணியும்!" இங்கர் செல்வியின் கையிலிருந்த கோவாவைக் கண்டு, அது தனக்கு என்று நினைத்து, மெத்தப் பெரிய உபகாரம் என்று வாங்கிக்கொண்டார்.

"கோ எங்கை?" என்று கேட்டேன்.

நீல்ஸ் மிசினின் மஞ்சள் வயிற்றில் ஒரு அடி அடித்தார். "இந்தா நிக்குது!"

'கிராவ்' என்றால் கிண்டு என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறதாம். கிண்டுகிற மாடு. மண் கிண்டுகிற மிசினுக்கு அந்தச் சனம் வைத்திருந்த பெயர் அது.

செல்வி தமிழில், உதடு அசையாமல் சொன்னாள்: "உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ, வீட்ட போவம்."

போயிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்ல எனக்கு டெனிஷ் காணாது. அதோடு பாதிரியார் படம் எடுக்கக் கமராவும் கொண்டுவந்திருந்தார். ஏறினேன். நீல்ஸ் இரண்டு தடியைக் காட்டி ஏதோ விரைவாகச் சொன்னார்.

"உங்கட வீட்டில இருந்ததும் இப்பிடித்தானோ?"

"கொஞ்சம் வித்தியாசம்," என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அது.

திறப்பைத் திருப்பினேன். மிசின் உறுமியது. கையில் அகப்பட்ட தடியை மெல்லத் தள்ள, பின்னுக்கிருந்த கை வானத்துக்கு எழும்பியது. பயந்துபோய் மற்றதைத் தள்ளி, காலால் எதையோ மிதித்தேன். மிசின் புறப்பட்டது. நல்லகாலம், கல்லறைகள் பக்கம் போகவில்லை. படலைக்குள்ளால் நடுப்பாதையில் ஏறி, நேரே பின்வேலியைப் பார்த்துப் போனது. 'பிரேக்கு, பிரேக்கு' என்று செல்வி கத்துகிறாள். நானோ அவசரத்தில் எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். மூக்கணாங்கயிற்றை இழுப்பதுபோல ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டு, "ஓ! ஓ! நில்லடா, ஓ!" என்று கத்தினேன். டென்மார்க்கில் செய்த மிசினுக்குத் தமிழ் விளங்கவில்லை. வேலியைக் கிழித்துக்கொண்டு போய், அங்கால் பின் றோட்டுக்கரைத் தண்ணீர்க் கானுக்குள் மூக்கைக் குத்தி நின்றது.

ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நீல்ஸ் இடுப்பு நோவை மறந்து ஓடிவந்து என்னை இறக்கினார். இங்கர் மட்டும் வேலியடியில் நின்றார். முறிந்த கொப்பு ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ரை அப்பா நட்ட வேலி," என்றார். கோவா இன்னும் அவர் கைக்குள்தான் இருந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கிழமை முழுக்க நான் வெளியில் இறங்கவில்லை. கதவில் சத்தம் கேட்டால் பொலிஸ் என்று நினைத்தேன். இந்த ஆட்களை வேறெங்கேயாவது அனுப்புங்கள் என்று சபை முடிவெடுக்கும், பெட்டியை இறக்கி வைப்போமா என்று செல்வியிடம் கேட்டேன்.

"வந்து ஒரு வருசமாகேல்லை, கோயில் வேலியை உடைச்சுப்போட்டியள். ஊரைவிட்டுப் போறதெண்டாலும் போய் மன்னிப்புக் கேட்டிட்டுத்தான் போறது," என்றாள்.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். கேக்கைத் தொடவில்லை. எழும்பி நின்று, பாடமாக்கிய வசனத்தைத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோனது. கடைசியில் இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்து, "எங்கட வீட்டில மூண்டு... ம்மா!" என்றேன். அவர்கள் விளங்காமல் பார்த்தார்கள். (டெனிஷ் மாடு 'மூ' என்றுதான் கத்தும். அது எனக்குத் தெரியாது.) பிறகு பால் கறந்து காட்டினேன்.

நீல்ஸுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "மாடு! உண்மையான மாடு! பின்னால தட்டினால் எழும்புமாம்!" என்று சிரித்து, இடுப்பைப் பிடித்து, ஐயோ என்று கத்தி, திரும்பவும் சிரித்தார். பாதிரியார் மேசையில் தலையை வைத்துவிட்டார். கோவா ஆருக்கு என்பதும் அப்போதுதான் வெளிவந்தது.

சிரிப்பு அடங்க இங்கர் கதைத்தார்.

"இந்தக் கிழமை மார்த்தாவைக் கண்டனீங்களோ?"

மார்த்தா சேமக்காலைக்குப் பின்பக்கத்தில் இருக்கிற வயதான விதவை. புருசனின் கல்லறைக்கு வர, பொல்லை ஊன்றிக்கொண்டு முழு வேலியையும் சுற்றி முன்படலைக்கு வரவேண்டும். நான் உடைத்த இடம் அவர் வீட்டுக்கு நேரே. அந்தக் கிழமை முழுக்க மார்த்தா அந்த ஓட்டைக்குள்ளால் பூவோடு வந்துபோயிருக்கிறார்.

"இத்தனை வருசமா அந்த மனுசி சுத்தி வாறதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தம். ஒருதருக்கும் தோன்றேல்லை. அப்பா இருந்திருந்தால் முதல் இவரை ஏசியிருப்பார். பிறகு அதிலை ஒரு படலை போட்டிருப்பார்," என்றார் இங்கர். "படலைக்குச் சம்மதமானவை கை தூக்குங்கோ."

எல்லாக் கையும் எழும்பியது. எனக்கு அங்கே வாக்கு இல்லை. ஆனாலும் என் கையும் எழும்பியது. இங்கர் அதையும் சேர்த்து எண்ணினார்.

சேமக்காலைத் தண்ணீர் வடிய நான் வெட்டியிருக்கவேண்டிய வாய்க்காலை, தொழில் தெரிந்த ஒருவர் வந்து வெட்டினார். நான் அவருக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொடுத்ததோடு சரி. அந்தப் படலைக்கு ஊரில் இன்றைக்கும் 'மாட்டுப் படலை' என்றுதான் பெயர். புதிதாகக் குடிவருகிறவர்கள், முந்தி இங்கே மாடு கட்டினார்கள் போல என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டிலோ, ஒருவர் விளங்காமல் தலையாட்டினால் உடனே ஒரு கேள்வி வரும்: "மாடோ, மிசினோ?" டெனிஷில் மட்டும் பதில் சொல்கிற என் மகளும் இதைத் தமிழில்தான் கேட்பாள்.

போன வருசம் அவள் தான் கட்டப்போகிற பெடியன் லார்ஸை முதன்முறையாகச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தாள். நல்ல பெடியன். எங்களைச் சந்தோசப்படுத்த ஒரேயொரு தமிழ்ச் சொல் படித்துக்கொண்டு வந்திருந்தான்.

"தம்பி, சம்பல் இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்றாள் செல்வி.

"ஓம்."

"உறைப்புக் காணாதோ? மிளகாய்ப் பொரியலும் வைக்கட்டோ?"

"ஓம், ஓம்."

அவன் முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு மட்டும் குறையவில்லை. செல்வி கரண்டியோடு நின்று அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள், "இவர் உங்கட மருமோன்தான்."