ஓர் எழுத்துத் திருத்தம்

செய்தி போய்விட்டது. இரண்டாவது முறை படித்தபோதுதான் ஸ்டோர் கீப்பருக்கு வியர்த்தது.

“நூல்கண்டு பன்னிரண்டு, பட்டன் பெட்டி எட்டு. முத்தம் இருபது. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.”

‘மொத்தம்’ என்றுதான் அடித்தார். கைபேசி தன் இஷ்டத்துக்குத் திருத்திவிட்டது. அதுவும் போயும் போயும் தையல் பிரிவு மேடத்துக்கா போகவேண்டும்?

மூன்று வருடமாக அந்த மேடத்தை மனசில் வைத்துக்கொண்டு, “வணக்கம் மேடம்” என்பதைத் தாண்டாத மனிதர் அவர். தன் அக்கா குழந்தைக்கு முத்தம் கொடுப்பதென்றால்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கொடுப்பார். எழுத்துப் பிழையை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. எந்தப் பிரிவிலிருந்து சாமான் சீட்டு வந்தாலும், சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் அலமாரிப் பக்கமே போவார். அவருக்கா இந்தக் கதி?

அவசர அவசரமாக விளக்கம் அடித்து அனுப்பினார். அனுப்பிய பிறகு படித்தார்.

“மன்னிக்கவும். முத்தம் தவறு. முத்தம் என்பதே சரி.”

இரண்டையும் அழித்தார். அவருடைய கைபேசியில் மட்டும் அழிந்தன.

கூப்பிட்டுப் பார்த்தார். மேடம் எடுக்கவில்லை. அந்த நேரம் தள்ளுவண்டி அக்கா உள்ளே வந்தாள். சீட்டுகளையும் சாமான்களையும் பிரிவு பிரிவாகக் கொண்டுபோவது அவள்தான்.

“அக்கா, ஒரு உதவி. மேடம்கிட்ட போய், முத்தமெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டு வாங்க.”

“என்ன முத்தம்?”

“சொன்னா அவங்களுக்குப் புரியும்.”

பத்து நிமிடத்தில் அக்கா திரும்பி வந்தாள்.

“சொல்லிட்டேன் சார்.”

“மெதுவாத்தானே சொன்னீங்க?”

“நாப்பது மிஷின் ஓடுது, மெதுவா சொன்னா காதுல விழுமா? கத்தித்தான் சொன்னேன். அந்த நேரம் பாத்து கரண்ட் போயிடுச்சு.”

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மேடத்தின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? மூன்று வருடமாகச் சேர்த்த மரியாதை ஒரே எழுத்தில் போய்விட்டதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

“மேடம் என்ன சொன்னாங்க?”

“மேசையிலேருந்து ஒரு சீட்டுக் கட்டை எடுத்துக்கிட்டு இங்கதான் வர்றாங்க.”

“புகார் குடுக்கவா?”

பதிலுக்குக் காத்திராமல் அவர் பட்டன் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்தார். அக்கா வண்டியைச் சுவரோரம் ஒதுக்கி, வருபவருக்கு வழிவிட்டாள்.

“எந்திரிச்சு நில்லுங்க சார். ரெண்டு வருஷமா அவங்க சீட்டுல வேணும்னேதான் முத்தம்னு எழுதுறாங்க. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் சிவப்பு மையில மொத்தம்னு திருத்தித் திருப்பி அனுப்புறீங்க.”