இரட்டைக் கூடைக்குள் போன மோதிரம்

"சும்மா உட்காரு" என்று யாராவது சொன்னால் போதும், எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டை மடித்துப் படகு செய்துவிடுவேன். (செக்கிங் வந்தவரிடம் படகை நீட்டியவள் நான். அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார்.) வீட்டில் கைப்பிடி இல்லாத வயர் கூடை, ஒற்றைக் காதுக்கு மட்டும் செய்த பேப்பர் ஜிமிக்கி, பாதி மயிலோடு நின்றுபோன ஆரி ரவிக்கை எல்லாம் கிடக்கும். எதையும் பரபரவென்று ஆரம்பிப்பேன். முடிக்கிற பொறுமைதான் கிடையாது. என் வாழ்நாளில் முழுசாக முடித்த கைவேலை ஒன்றே ஒன்று. அதையும் முடிக்காமலே விட்டுத் தொலைத்திருக்கலாம்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. மாமனாருக்குச் செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை. கொழுந்தன் தினேஷுக்கு அப்போதுதான் தளவானூரில் ஒரு பெண் அமைந்திருந்தாள், பவித்ரா என்று. அதற்கு முன்னால் ஜாதகம் பொருந்தினால் பெண்ணுக்குப் பிடிக்காது, பெண்ணுக்குப் பிடித்தால் யாராவது தாய்மாமன் முறுக்கிக்கொள்வார். இப்படியே இழுத்து இழுத்து வந்து நின்ற சம்பந்தம் இது. "இதுல ஒரு சின்னக் கொறை வந்தாலும் நான் தாங்க மாட்டேன்டி" என்று அத்தை என்னிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். (ஏன் என்னிடம் மட்டும் சொன்னார் என்று அப்போது யோசிக்கவில்லை.)

அந்த நேரம் பார்த்துத்தான் என் செல்போனில் அந்த வீடியோ வந்தது. அமெரிக்காவில் செரோக்கி என்று ஒரு பூர்வகுடி மக்கள் இருக்கிறார்களாம். அவர்களில் ஒரு பெண்மணி ஆற்றங்கரை நாணலைக் கீறி, வேரிலும் கொட்டைத் தோலிலும் சாயம் ஏற்றி ஒரு கூடை பின்னுகிறார். அது சாதாரணக் கூடை இல்லை, இரட்டைக் கூடை. உள்ளே அடியில் ஆரம்பித்து மேலே வந்து, விளிம்பில் திரும்பி, அதே நாணலால் வெளிப்பக்கமாக இறங்கி அடியில் மூடுகிறார். கூடைக்குள் கூடை, நடுவில் சந்து, எங்கேயும் ஒட்டு கிடையாது. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அவர் என்னவோ நிதானமாகத்தான் செய்தார். நான்தான் வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். அதனால் எனக்கும் அதே வேகத்தில் வந்துவிடும் என்று நம்பினேன்.

"அத்தே, நிச்சயதார்த்த மோதிரத்தை நான் பின்னுற கூடையிலதான் கொண்டுபோறோம்" என்றேன்.

"பாத்திரக்கட வூட்டுல தட்டுக்கா பஞ்சம்? ஊரு சிரிக்கப் போவுது!" என்றார் அத்தை.

மாமா கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஆசப்படுது, செய்யட்டும் வுடு" என்றார். (அதற்கப்புறம் இன்றுவரை வீட்டில் எந்த விஷயத்துக்கும் மாமாவிடம் கருத்துக் கேட்பதில்லை.)

நாணலுக்கு எங்கே போவது? நுங்கு விற்பவரிடம் குருத்தோலை கேட்டு வாங்கினேன். வீடியோவில் அந்த அம்மா, கீறியதைக் காயவைத்து, சாயம் ஏற்றி, மறுபடி காயவைத்து என்று என்னென்னவோ சொன்னார். அந்த இடத்தையெல்லாம் நான் தள்ளிவிட்டிருந்தேன். ஓலையைத் தண்ணீரில் முக்கினேன், சொட்டச் சொட்ட எடுத்துப் பின்னினேன். ஈரத்தில் நூல் பிடித்த மாதிரி நெருக்கமாக வந்தது பாருங்கள், எனக்கே என்மேல் பொறாமை. அவிழ்ந்துவிடப் போகிறதே என்று அடியில் முனைகளையெல்லாம் உள்ளே சொருகிக் கெட்டியாகப் பசை போட்டு ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையில் ரோஜா இதழைக் கொட்டி அதன்மேல் மோதிரத்தை வைத்தேன்.

"டப்பாவோட வையிடி" என்றார் அத்தை.

"டப்பா வெச்சா கூடையோட அழகு தெரியாது அத்தே."

வேனில் கூடையை என் மடியிலேயே வைத்திருந்தேன். வழியெல்லாம் வேன் குதித்தது, நானும் குதித்தேன், கூடையும் குதித்தது.

பெண் வீட்டில் நிச்சய ஓலை வாசித்து முடித்தார்கள். "எமகண்டம் வர்றதுக்குள்ள மோதிரத்தப் போட்டுடலாம், எடுத்தாங்கம்மா" என்றார் ஐயர். நான் பெருமையாகக் கூடையை நடுவில் வைத்து இதழுக்குள் விரலை விட்டேன். இதழ். இன்னும் கொஞ்சம் இதழ். அடியில் ஓலை. மோதிரம் இல்லை.

"இன்னாடி?" என்று அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இங்கதான் வெச்சேன் அத்தே."

பெண்ணின் பெரியம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "ஆரம்பமே இப்பிடியா?" என்று சொன்னது எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது. தினேஷ் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. இந்தச் சம்பந்தமும் போனால் அது என்னால்தான் போனது என்று இந்தக் குடும்பம் ஏழு தலைமுறைக்குச் சொல்லும். பதற்றத்தில் கூடையைத் தூக்கிக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கிலுகிலு.

அப்பாடா, மோதிரம் இருக்கிறது! எங்கே இருக்கிறது? இரண்டு சுவருக்கும் நடுவில். ஈர ஓலை நாலு நாளில் காய்ந்து சுருங்கி, உள்சுவரில் இடுக்கு இடுக்காக விட்டிருந்தது. அதில் ஒன்றின் வழியாக மோதிரம் உள்ளே இறங்கிவிட்டது. உண்டியலில் காசு போட்ட மாதிரிதான், போன வழியில் திரும்பி வர மாட்டேன் என்கிறது. தினேஷ் குலுக்கினான், மாமா குலுக்கினார், ஐயர்கூட ஒருமுறை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். மோதிரம் உள்ளே சுற்றிச் சுற்றி ஓடியது.

யாரோ கத்திரிக்கோலை நீட்டினார்கள். பெரியம்மா அலறினார். "நல்ல காரியத்துல, அதுவும் சீர்க் கூடையில, கத்திரிக்கோலு வெப்பாங்களா? எங்க பொண்ணு வாழ வாணாவா?"

சரி, கையாலேயே அவிழ்க்கலாம் என்று கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். நான் போட்ட பசைக்கு நகம் உடைந்ததுதான் மிச்சம். எதையும் உருப்படியாக ஒட்டாதவள், அன்றைக்குப் பார்த்து அதை அப்படி ஒட்டி வைத்திருக்கிறேன்! "எமகண்டத்துக்கு அஞ்சு நிமிஷந்தான்" என்றார் ஐயர். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தது என்ன, சபையிலேயே விசும்பிவிட்டேன்.

அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த பவித்ரா, பட்டுப்புடவை சரசரக்க எழுந்து வந்தாள்.

"தள்ளுங்கக்கா. கத்திரிக்கோலுதானே கூடாது?"

கூடையை வாங்கினாள். கரும்பைக் கடிப்பதுபோல அடி ஓரத்தில் வாயை வைத்து ஒரே கடி. தலையை ஒரு பக்கம் திருப்பி இழுத்தாள். சர்ர்ரென்று வெளிச்சுவர் கிழிந்தது. மோதிரம் உருண்டு போய் அத்தையின் காலடியில் நின்றது.

பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். எங்கள் அத்தை குனிந்து மோதிரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பவித்ராவின் உதட்டில் ஒட்டியிருந்த ஓலைத் துணுக்கைத் தன் விரலால் எடுத்துப் போட்டார்.

"பொண்ணுக்குப் பல்லு கெட்டி" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இவள வெச்சிக்கினு குடும்பம் நடத்த, இப்பிடி ஒருத்தி எங்களுக்கு வேணும்" என்றார்.

முதலில் சிரித்தது பெரியம்மாதான். எமகண்டம் தொடங்குவதற்குள் தினேஷ் மோதிரத்தைப் போட்டுவிட்டான். போட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அது வெட்கத்தாலா, அந்தப் பல்லைப் பார்த்தா என்று இன்னும் தெரியவில்லை.

அந்தக் கிழிந்த கூடை இப்போது எங்கள் சமையலறையில் இருக்கிறது. பூண்டு போட்டு வைத்திருக்கிறார் அத்தை. அவ்வப்போது ஒரு பல் பூண்டு இரண்டு சுவருக்கும் நடுவில் இறங்கிவிடும். வீட்டில் எது காணாமல் போனாலும், சாவியோ ரேஷன் கார்டோ, "சந்துல பாரு" என்பதுதான் முதல் வார்த்தை. பிரிக்க முடியாத பாக்கெட் எது வந்தாலும் பவித்ராவிடம் நீட்டுகிறார்கள்.

போன மாதம் அவளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் சும்மாதான் இருந்தேன். வெற்றிலைக் காம்புகளைக் கிள்ளிக் கிள்ளி எதையோ பின்னிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவள் என் கையைப் பார்த்துவிட்டாள். சட்டென்று இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உன் கால்ல வுழுறேன். தொட்டிலு மட்டும் பின்னிடாத. கொழந்தைய என்னால கடிச்சு எடுக்க முடியாது!"